முப்பதாவது பேர்

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் வயதைத்தான் கேட்பார். சாப்பிட்டீங்களா, சௌக்கியமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு, அதுவும் நினைவிருந்தால்.

நான் அவரை முதலில் பார்த்தது ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பேருந்தில். உட்கார இடமில்லை. பைக்காரா தாண்டி ஒரு வளைவில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் கைமுட்டியை ஒரு பேனா தட்டியது. திரும்பினேன். நீல நிறப் பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி ஓர் அக்கா. சேலைக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரில் பொத்தான்கள் எல்லாம் ஓர் ஓட்டை தள்ளி மாட்டப்பட்டிருந்தன.

"வயசென்னங்க கண்ணு?"

"பத்தொம்பது."

"எதுவரைக்கும் படிச்சிருக்கறீங்க?"

"பிளஸ் டூ."

"எந்த எஸ்டேட்டுங்க?"

சொன்னேன். பேரையும் கேட்டார், அதையும் சொன்னேன். என் தோள்மேல் ஃபைலைச் சாய்த்து வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். பேனா அழுத்துவது என் ஸ்வெட்டரைத் தாண்டித் தெரிந்தது.

"எழுதிப்போட்டேன் கண்ணு. பொறகு ஆவும்."

எதில் எழுதினார், எதற்கு ஆகும் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அவர் அடுத்த இருக்கைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தட்டி எழுப்பியிருந்தார். அவன் டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துப் பதறி டிக்கெட்டை நீட்டினான். அவர் அதை வாங்கி இருபுறமும் பார்த்துவிட்டு, "இதுல வயசு போட மாட்டாங்களே சாமி" என்று திருப்பிக் கொடுத்தார்.

நடுவட்டத்தைச் சுற்றியுள்ள எஸ்டேட் லைன்களில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில், அவருக்கு லிஸ்ட்டக்கா என்று பேர். எந்தத் துறையில் என்ன வேலை பார்த்தார் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. இளைஞர்களுக்கென்று அரசாங்கம் எதைக் கொண்டுவந்தாலும் அது எங்கள் மலைக்கு அவருடைய நீல ஃபைல் வழியாகத்தான் வரும். இளைஞர் குழு, தொழிற்பயிற்சி, தலைமைப் பண்புப் பயிலரங்கம், ரத்ததான முகாம். ஒரு திட்டம் முடிந்து அதன் பலகையைக் கழற்றினால், அடுத்த திட்டத்தின் பலகைக்குக் கீழே அவரே நின்றுகொண்டிருப்பார். மதிப்பூதியம் என்று ஏதோ வரும், சில மாதம் வராது. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து கேத்திக்குக் கேரட் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. அவர் மட்டும் நடுவட்டம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார்.

அவரால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். லிஸ்ட்டில் காலியாக இருக்கும் கட்டம். இருபது பேர் என்று அச்சடித்த தாளில் பதினெட்டுதான் நிரம்பியிருக்கிறது என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. டீக்கடையில் நிற்பார், பஸ் ஸ்டாப்பில் நிற்பார், கல்யாணப் பந்தியில் சாதம் விழுந்த பிறகும் எதிர்வரிசையில் இருப்பவரிடம் வயது கேட்பார். ஒரு சாவு வீட்டில் கேட்டதை நானே பார்த்தேன். இறந்தவருடைய பேரன் மொட்டையடிக்க உட்கார்ந்திருக்கிறான், இவர் குனிந்து அவன் காதருகே "வயசென்னங்க?" என்கிறார். "ஏனுங்க, எழவு முடியட்டுமுங்க" என்று யாரோ அதட்டினார்கள். "ஆமாங்க ஆமாங்க" என்று ஃபைலை மூடிக்கொண்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

எங்கள் ஆட்கள் அவரிடம் பேர் கொடுக்கத் தயங்கியதே இல்லை. எஸ்டேட்டில் தினமும் காலையில் மேஸ்திரி செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். அதில் பேர் விழுந்தால் வேலை உண்டு, கூலி உண்டு. விழாவிட்டால் எவ்வளவு முன்னதாக வந்து பனியில் நின்றிருந்தாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். என் அம்மா இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில், அங்கே லைனுக்கு அதுதான் பேர், பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். அங்கேயும் இதே செக்ரோல்தானாம். "பேர் போடுறவகிட்ட எதுக்குப் போடுறேன்னு கேப்பாங்களா புள்ள?" என்பார். அம்மாவைப் பொறுத்தவரை ஒரு தாளில் பேர் ஏறுவது எப்போதுமே நல்லது. ஏறாமல் போவதுதான் பயம். லைனில் எல்லா வீட்டு ஆதார் நகலும் ரேஷன் அட்டை நகலும் லிஸ்ட்டக்காவின் ஃபைலில் இருந்தன. எங்கள் வீட்டு அசல் ஒருமுறை தொலைந்தபோது அவரிடம்தான் போய் நகல் வாங்கிவந்தோம்.

இளைஞர் குழு தொடங்கியபோது விளையாட்டுச் சாமான்கள் வந்தன. இரண்டு வாலிபால், ஒரு வலை, ஒரு கேரம் போர்டு. எங்கள் சரிவில் வாலிபால் ஆடச் சமதளத்துக்கு எங்கே போவது? லைன் வாசலிலேயே வலையைக் கட்டினோம். மூன்றாவது அடியில் பந்து தேயிலைக்குள் இறங்கியது, உருண்டது, ஓடையில் விழுந்தது, போயே போய்விட்டது. இரண்டாவது பந்தை லிஸ்ட்டக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. "இத போட்டோவுக்கு வெச்சுக்கலாங்க" என்றார். அதன்பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் அந்தப் பந்து இருக்கிறது. படம் எடுக்கும் முன் தலைகளை விரல் நீட்டி எண்ணுவார். ஒன்று குறைந்தால் போகிற வருகிற ஆளைப் பிடித்து நிறுத்துவார். ஒரு படத்தில் எங்கள் மேஸ்திரியே பந்தோடு நிற்கிறார். அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பின்னால் கட்டியிருந்த 'இளைஞர் சக்தியே நாட்டின் வளர்ச்சி' பேனர் இன்று எங்கள் குளியலறைக்குக் கூரை.

கிண்டல் செய்கிறேன்தான். ஆனால் நாலு பேர் முன்னால் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிந்தது அவரால்தான். ஒருமுறை குறைகேட்புக் கூட்டத்தில் இளைஞர்களும் பேச வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. "இளைஞர் பிரதிநிதின்னு ஒரு வரி காலியாக் கெடக்குதுங்க கண்ணு. உங்க பேர எழுதிப்போட்டேன்" என்று காலையில் வந்து சொல்கிறார், கூட்டம் மத்தியானம். எழுந்து நின்றேன். லைனில் செல்போன் சிக்னல் இல்லை, யாருக்காவது பிரசவ வலி வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரைக்கும் மேடேற வேண்டியிருக்கிறது, டவர் வேண்டும் என்று பேசினேன். அதிகாரி தலைநிமிர்ந்து பார்த்து எழுதிக்கொண்டார். அப்பா கடைசி வரிசையில் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து, "நீ பேசுனது அந்த மூலை வரைக்கும் கேட்டுச்சு" என்றார். டவர் வரவில்லை. கூட்டத்தின் குறிப்பில் என் பேர் அச்சாகியிருந்ததை லிஸ்ட்டக்கா நகல் எடுத்து வந்து காட்டினார். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அப்பாவை ஊட்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினெட்டு நாள் கூட இருந்தேன். அங்கே நர்சிங் உதவியாளராக இருந்த ஓர் அம்மாள், நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்காமலே விரிப்பை மாற்றுவார். ஒரு பக்கமாகப் புரட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் புரட்டி, அவ்வளவுதான். பதினோராம் நாள் நானே தனியாக அப்பாவுக்கு மாற்றினேன். அடுத்த கட்டில்காரருக்கும் மாற்றினேன். "கை பழகிருச்சே, இந்த வேலைக்கே வந்துரும்மா" என்றார் அந்த அம்மாள். அப்பா பிழைக்கவில்லை. ஆனால் நான் எதற்குப் பிறந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் எனக்கு அங்கே கிடைத்துவிட்டது. அப்பா போனபிறகு எஸ்டேட்டில் தற்காலிகமாகக் கொழுந்தெடுக்கச் சேர்ந்தேன். லிஸ்ட்டக்காவிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

"நர்சிங் உதவியாளர் பயிற்சி வந்தாச் சொல்லுங்கக்கா. மத்தது எதுவும் எனக்கு வேண்டாம்."

"வரும் கண்ணு. வந்தா மொதப் பேரு உன்றதுதான்."

அப்பா போன நாளிலிருந்து அவர் என்னிடம் 'ங்க' போடுவதை விட்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

நர்சிங்குக்காக வருடக்கணக்கில் காத்திருந்தேன். அதற்கு முன் தையல் வந்தது. முப்பது பெண்கள் சேர்ந்தால் மெஷின்களை நடுவட்டத்துக்கே கொண்டுவந்து மூன்று மாதம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் தருவார்கள். ஒன்று குறைந்தாலும் வேறு ஊருக்குப் போய்விடும். இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுப் பரிமளா அதில் ஒருத்தி. புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள்.

ஒரு மத்தியானம் கொட்டகையில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறேன். நல்ல மழை. போன் அடித்தது.

"கண்ணு, உன்ற போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்கும் பாரு."

"ஆமாக்கா, ஓடிபி. ஆறு நம்பர்."

"சொல்லு."

சொன்னேன். எனக்கு முன்னால் நின்றவளின் மூட்டை தராசில் ஏறிக்கொண்டிருந்தது. எதுக்குக்கா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கேட்கவில்லை. லைனில் எல்லோரும் அவருக்கு அப்படித்தான் நம்பர் சொல்வோம். போனை மடியில் செருகிக்கொண்டு மூட்டையை நகர்த்தினேன்.

தையல் மெஷின்கள் வந்தன. மூன்று மாதம் கடைத்தெருவில் ஒரு மாடியறையில் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பரிமளா முதன்முதலில் தைத்த ஜாக்கெட் எனக்குத்தான். கை கொஞ்சம் இறுக்கம். சான்றிதழை வைத்துச் சொந்த மெஷினுக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன் என்றாள். அவள் சிரித்துப் பேசி நான் பார்த்தது அப்போதுதான்.

சில மாதம் கழித்து ஒருநாள் லிஸ்ட்டக்கா தேயிலைக் காட்டுக்குள் மூச்சிரைக்க ஏறி வந்தார். செருப்பு ஒன்று எங்கேயோ சேற்றில் மாட்டிக்கொண்டுவிட்டது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"வந்திருச்சு கண்ணு! கோயமுத்தூர்ல தங்கிப் படிக்கோணும், ஆறு மாசம். சோறு, தங்கறது எல்லாம் அவங்களே. முடிச்சா ஆஸ்பத்திரியில வேலை."

வயது வரம்பு இருபத்தைந்து. எனக்கு இருபத்தைந்து முடிய நாலு மாதம் பாக்கி இருந்தது. அன்றைக்கே விண்ணப்பித்தோம். அவரே பதிந்தார், நானே பக்கத்தில் இருந்தேன். திங்கட்கிழமை கொட்டகையில் நிற்கும்போது போனுக்குப் பதில் வந்தது. தாங்கள் ஏற்கெனவே திறன் பயிற்சி பெற்றவர் என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்தேன். நான் என்ன பயிற்சி பெற்றேன், கொழுந்து கிள்ளுவதா?

அவருடைய அறைக்குப் போய் போனை நீட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து ஏதோ படிவத்தில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தார். விரலில் பசையோடு போனை வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"தையலு" என்றார். "நாலு கட்டம் காலியா இருந்துச்சு கண்ணு. முப்பதாவது பேரு நீ."

"ஒருதடவை வாங்குனா மறுபடி கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"தெரியும். வருசத்துக்கொருக்கா ரூலை மாத்தறாங்களே, உன்றது வர்றதுக்குள்ள இதும் மாறிப்போயிரும்னு நெனச்சுட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. நாள் முழுக்க மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து அடுப்பில் கையைக் காட்டினால் கொஞ்ச நேரத்துக்குச் சூடே தெரியாது, அப்படி இருந்தது. ஸ்டவ்வில் டீ பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாள் தையல் பட்டியலிலிருந்து என் பேரை எடுக்கச் சொல்ல இருவரும் ஊட்டிக்குப் பேருந்தில் போனோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஸ்ட்டக்கா அன்றைக்கு யாரிடமும் வயது கேட்கவில்லை. பைக்காரா தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அப்ப உன்ற வயசுகூட இல்லீங்க. கேத்திக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்க வண்டி வந்துச்சு. இருபது பேரு வேணும்னாங்க. புதுச் சுடிதாரு போட்டுக்கிட்டுப் போயி மொத பெஞ்சுல உக்காந்தேன். எண்ணுனாங்க. பத்தொம்போது. ஒரு ஆளு கொறையுதுன்னு வண்டிய அப்படியே திருப்பிட்டாங்க. கம்ப்யூட்டரு மேல போத்தியிருந்த துணியக்கூட எடுக்கல. அது எப்படி இருக்கும்னுகூட நாங்க பாக்கலீங்க."

பேச்சில் 'ங்க' திரும்ப வந்துவிட்டதைக் கவனித்தேன்.

பயிற்சித் திட்ட அலுவலகத்தில் இருந்தது ஓர் இளம்பெண் அதிகாரி. நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், கணினியில் தேடிப் பார்த்தார்.

"பேரை எடுக்கலாம். இவங்க பயிற்சிக்கு வரவே இல்லை, நான்தான் சேர்த்தேன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். ஆனா கொடுத்தா அந்த பேட்ச் முழுக்க விசாரணைக்குப் போகும். அதுவரைக்கும் முப்பது பேரோட சான்றிதழையும் நிறுத்தி வெச்சிருவாங்க. உங்க வேலையும் இருக்காதுங்கக்கா. யோசிச்சுக்கங்க."

லிஸ்ட்டக்கா யோசிக்கவில்லை. "ஒரு வெள்ளத்தாள் குடுங்க" என்றார்.

எழுத ஆரம்பித்தார். அவர் வேகமாக எழுதுவார் என்று எனக்குத் தெரியும். நிஜமாகவே பயிற்சிக்குப் போன இருபத்தாறு பேரையும் எனக்குத் தெரியும். பரிமளா வங்கியில் கொடுத்திருக்கும் விண்ணப்பத்தில் அந்தச் சான்றிதழின் நகல் இருக்கிறது என்றும் தெரியும். பேனா ஓடுகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாம்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை. ஒளித்துப் பேச என்ன இருக்கிறது, எனக்கு அந்தப் படிப்பு வேண்டியிருந்தது.

கடிதம் 'நான்' என்று தொடங்கி, அடுத்து அவருடைய பேர். அவருடைய பேரை நான் அதுவரை எங்கும் எழுதிப் பார்த்ததில்லை. ஐந்து வருடம் பழகியிருக்கிறேன், லிஸ்ட்டக்கா என்பதைத் தாண்டி அவருக்கு ஒரு பேர் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவருடைய லிஸ்ட் எதிலும் அது இருந்ததில்லை. அந்தப் பேரை இங்கே நான் எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் அவருக்கு வேலை போனது. என் பேரை எடுக்க ஏழு மாதம் ஆனது. 'நீக்கப்பட்டது' என்று தகவல் வந்தபோது எனக்கு இருபத்தைந்து முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சான்றிதழ்கள் நின்றன. பரிமளாவின் கடன் நின்றது. இப்போது வாடகை மெஷினில் தைக்கிறாள். என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. என் ஜாக்கெட்டுக்குக் கையை மட்டும் இன்றும் இறுக்கமாகவே தைத்துத் தருகிறாள். அம்மா ஒரே ஒருமுறை சொன்னார். அதுவும் கீரை ஆய்ந்துகொண்டே, குரல் உயராமல். "பேர எடுங்கன்னு மனுக் குடுத்தவ இந்த லயத்துலயே நீ ஒருத்திதான்."

லிஸ்ட்டக்கா அறையைக் காலி செய்த அன்று நான் வேலையில் இருந்தேன். போய்ப் பார்த்திருக்கலாம், லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். போகவில்லை. போகவில்லையே என்று வருத்தமும் வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவருக்குப் பதிலாக ஆள் வரவில்லை. லைன் சுவரில் கட்டங்கட்டமாக ஒரு படம் ஒட்டிவிட்டுப் போனார்கள். போனில் அதைப் படம் பிடித்தால் திட்டங்களெல்லாம் வருமாம், நாமே பதிந்துகொள்ளலாமாம். லைனில்தான் சிக்னல் இல்லையே. மழையில் அது பாதி உரிந்து தொங்குகிறது.

போன மாதம் மத்தியானம் கொட்டகையில் நிற்கிறேன். முதுகில் மூட்டை. போன் அடித்தது, புது நம்பர்.

"வயசென்னங்க இப்ப?"

வேறு யார் இப்படிக் கேட்பார்கள்? பின்னால் மெஷின்களின் இரைச்சல் கேட்டது.

"இருபத்தாறுக்கா."

"முப்பத்தஞ்சு வரைக்கும் பொம்பளைங்களுக்குன்னு ஒண்ணு வந்திருக்குதுங்க. ஆஸ்பத்திரி வேலைதானுங்க, உங்குளுது. கம்பெனியில ஒரு புள்ளைக்குப் பாக்கறப்பக் கண்டேன். இன்னைக்குக் கடைசி நாளு. உங்க ஆதாரு நகலு எங்கிட்டயே இருக்குதில்லீங்களா, போட்டுட்டேன். நம்பரு வந்திருக்கும் பாருங்க."

வந்திருந்தது. ஆறு எண். பத்து நிமிடம் மட்டுமே செல்லும் என்று கீழே போட்டிருந்தது. முதல் எண் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எதுக்குக்கா?" என்றேன். "முழுசாப் படிச்சுச் சொல்லுங்க."

கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம், இரைச்சல் குறைந்தது. படிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல். வயது, படிப்பு, எந்த ஊர், எத்தனை மாதம். நடுநடுவே சிக்னல் விட்டுவிட்டு வந்தது, கேட்காத இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னேன், படித்தார். "ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடையாதுன்னு இதுலயும் போட்டிருக்குதுங்க. உங்க பேருதான் எடுத்தாச்சே, அதனால ஆவுங்க. இனி வேற எதுலயும் பேரு குடுத்துப்போடாதீங்க, யாரு கேட்டாலும்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் கேட்டாலும்."

"குறைஞ்சது எத்தனை பேர் வேணுமாம்?"

"முப்பதுங்க. இப்ப வரைக்கும் எத்தன பேருன்னு போடலீங்க."

கடைசியில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லி இருந்த தொலைபேசி எண்ணைக்கூடப் படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதட்டுங்களா?"

இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"எழுதுங்கக்கா" என்று ஆறு எண்ணையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

"நேரம் முடிஞ்சிருச்சுங்க" என்றார். "போச்சாது, பரவால்லீங்க. இன்னொண்ணு அனுப்பச் சொல்லி அழுத்தியிருக்கறேன். அங்கயே நில்லுங்க கண்ணு, கீழ எறங்கிராதீங்க."

சிக்னல் ஒரு கோடு போனது, வந்தது, மறுபடி போனது. தராசுக்குப் பக்கத்தில் மேஸ்திரி என் பேரைக் கூப்பிட்டார். பின்னால் நின்றவள் மூட்டையால் இடித்து, "ஏய், உன்னத்தான்" என்றாள். மேஸ்திரி இரண்டாம் முறையும் கூப்பிட்டார். நான் போனைத் தூக்கிப் பிடித்தபடி வரிசையை விட்டு விலகி, கொட்டகையின் மேட்டுப்பக்கம் போய் நின்றேன்.